ஒன்பதேகால் ரூபாயும் ஒரு விளையாட்டரங்கமும்

டெல்லியின் ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கத்தை அகற்றிவிட்டு, அதன் 102 ஏக்கர் வளாகத்தில் 'விளையாட்டு நகரம்' ஒன்றை உருவாக்கும் திட்டத்தை ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் 2025 நவம்பரில் வெளிப்படுத்தியது. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுந்த கட்டடம் அது. அதைப் பற்றிய பேச்சு இன்றும் பெரும்பாலும் அப்பு யானை, வண்ணத் தொலைக்காட்சி, பி.டி. உஷா என்ற மூன்று நினைவுகளோடு நின்றுவிடுகிறது. அந்த அரங்கமும் அதனோடு எழுந்த மேம்பாலங்களும் குடியிருப்புகளும் கட்டி முடிக்கப்படுவதற்குள்ளாகவே, அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் உறுப்புக்கு ஒரு புதிய பொருள் கிடைத்துவிட்டது. சட்டம் பயில்வோர் அத்தீர்ப்பை நன்கு அறிவர். விளையாட்டு வரலாறு எழுதுவோர் அதை அடிக்குறிப்பாகக்கூட அரிதாகவே கொள்கின்றனர். ஒரே மண்ணில், ஒரே ஆண்டில் நிகழ்ந்த இரண்டும் வெவ்வேறு நூலடுக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது ஆராயத்தக்கது.

டெல்லிக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி முதன்முறையாக வந்தபோது நகரம் புதிய அரங்கம் எதையும் கட்டவில்லை. 1951 மார்ச்சில் 11 நாடுகளின் 489 வீரர்கள் கூடிய அந்த முதல் போட்டி, 1933இல் இர்வின் ஆம்ஃபிதியேட்டர் என்ற பெயரில் எழுப்பப்பட்ட அரங்கில் நடைபெற்றது. இந்தியா கேட்டின் நேர்க்கோட்டில், ஏகாதிபத்தியத் தலைநகரின் அழகுக்காக நிறுவப்பட்ட அக்கட்டடம் 'தேசிய விளையாட்டரங்கம்' எனப் பெயர்மாற்றம் பெற்றது. தேவையான மாற்றம் அவ்வளவே என்று அன்றைய அரசு கருதியது போலும். அதன் பின்புறம் நிற்கும் புரானா கிலாவில் 1947இன் பிரிவினை அகதிகள் முகாமிட்டிருந்தனர். பாதிப் பசியோடிருந்த ஒரு புதிய குடியரசு, பழைய ஆட்சியாளரின் அரங்கத்தைத் துடைத்து விருந்தினரை வரவேற்றது.

1982இல் நிலைமை முற்றிலும் வேறு. ஒன்பதாவது போட்டியை நடத்தும் பொறுப்பு டெல்லியிடம் வந்த பின்னர், 1977இல் ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு அதில் பெரும் ஆர்வம் காட்டவில்லை. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி ஆட்சிக்குத் திரும்பியதும் காட்சி மாறியது. நெருக்கடிநிலையின் கறையைச் சுமந்து நின்ற ஓர் ஆட்சிக்கு, திறமையும் ஒழுங்கும் நவீனமும் கொண்ட தலைநகரை ஆசியாவுக்குக் காட்டும் வாய்ப்பு எளிதில் விடத்தக்கதன்று. தொடக்க விழா நாளாக அமைந்தது நவம்பர் 19. பிரதமரின் பிறந்த நாள். கையில் இருந்ததோ மூன்றாண்டுக்கும் குறைந்த காலம்.

அந்தக் காலத்துக்குள் கட்டப்பட்டவை வியப்பூட்டுபவை. லோதி சாலைக்குத் தெற்கே 75,000 பேர் அமரக்கூடிய நேரு அரங்கம், யமுனைக் கரையருகே 25,000 பேருக்கான இந்திரபிரஸ்த உள்ளரங்கம், தால்கடோரா நீச்சல் குளம், மூல்சந்த் உள்ளிட்ட மேம்பாலங்கள், உயர்தர விடுதிகள், அலாவுதீன் கில்ஜியின் சிரிக் கோட்டைச் சிதைவுகளை ஒட்டி, கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல் வடிவமைத்த சுமார் 700 வீடுகள் கொண்ட வீரர் குடியிருப்பு. ஜெய்சல்மேர் போன்ற பழைய நகரங்களின் சந்துகளையும் முற்றங்களையும் நினைவூட்டும் அக்குடியிருப்பு கட்டடக்கலைப் பாடநூல்களில் இடம்பெற்றது தகுதியானதே. ராஜஸ்தானத்துச் சந்துகளின் வடிவம் டெல்லிக்கு வந்தது. ராஜஸ்தானத்துக் கிராமங்களின் கூலியாட்களும் வந்தனர். முன்னதைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குப் பின்னதைப் பற்றிக் கட்டடக்கலை இலக்கியத்தில் எழுதப்படவில்லை.

இங்கு நகரின் அண்மைக்கால நினைவையும் கருத வேண்டும். 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்டன. நெருக்கடிநிலையின்போது லட்சக்கணக்கான குடிசைவாசிகள் நகரின் விளிம்புகளுக்கு அகற்றப்பட்டனர். அப்போது டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் துணைத்தலைவராக இருந்த ஜக்மோகன், 1980இலும் மீண்டும் 1982 செப்டம்பரிலும் டெல்லியின் துணைநிலை ஆளுநராகப் பொறுப்பேற்றார். ஏழைகளை நகரின் மையத்திலிருந்து வெளியேற்றிய அதே நிர்வாகத்துக்கு, நான்கே ஆண்டுகளில் பெருந்திரளான ஏழைகளை அதே மையத்துக்கு வரவழைக்க வேண்டியிருந்தது. அவர்கள் எங்கே தங்குவார்கள் என்பதற்கு 1962ஆம் ஆண்டின் நகரப் பெருந்திட்டத்தில் விடையில்லை. கட்டுமானத் தளத்தின் ஓரத்திலேயே, அடுக்கிய செங்கல்லும் தார்ப்பாயும் சாக்கும் கொண்டு அவர்கள் தம் விடையைத் தாமே எழுதிக்கொண்டனர்.

ஜெயப்பிரகாஷ் நாராயணின் முன்னெடுப்பில் நெருக்கடிநிலைக் காலத்தில் உருவான உரிமை அமைப்பிலிருந்து பிரிந்து தனித்தியங்கத் தொடங்கியிருந்தது, பி.யு.டி.ஆர். என அறியப்படும் ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம். அது மூன்று சமூக அறிவியலாளரைக் கட்டுமானத் தளங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்யச் சொன்னது. அவர்கள் கண்டவற்றை விளக்கி நீதிபதி பி.என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது; 1981இல் உச்சநீதிமன்றம் அக்கடிதத்தையே நீதிப்பேராணை மனுவாக ஏற்றது. பொதுநல வழக்கு என்னும் வடிவம் இன்னும் நடை பழகிக்கொண்டிருந்த காலம் அது.

வழக்கின் மையத்தில் இருந்த கணக்கு மிகச் சிறியது. நாளொன்றுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. அரசிடமிருந்து பணியைப் பெற்ற ஒப்பந்ததாரர்கள் ஆட்களை நேரடியாக அமர்த்தவில்லை. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா ஆகிய மாநிலங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிவந்த ஜமாதார்களிடம் கூலியைக் கொடுத்தனர். ஜமாதார் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாயைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு மீதி 8 ரூபாய் 25 காசைத் தந்தார். பெண்களின் கைக்கு வந்தது 7 ரூபாய் மட்டுமே. எஞ்சிய 2 ரூபாய் 25 காசும் ஜமாதாரிடமே தங்கியது. பதினான்கு வயதுக்குட்பட்ட சிறாரும் பணியில் இருந்ததாக மனு கூறியது.

இலங்கை, மலாயாத் தோட்டங்களின் கங்காணி முறையைப் பயின்றோர்க்கு இந்த ஜமாதார் புதியவர் அல்லர். ஊரில் ஆள் பிடிப்பவர், வழிச்செலவுக்கு முன்பணம் தருபவர், தளத்தில் மேற்பார்ப்பவர், கூலியைப் பங்கிடுபவர் எல்லாம் ஒருவரே. தோட்டத்தில் கங்காணிக்குரிய தலைக்காசை முதலாளி தனியே வழங்குவதுண்டு. டெல்லியில் அது தொழிலாளியின் கூலியிலிருந்தே பிடிக்கப்பட்டது. அவ்வகையில் பார்த்தால், விடுதலை பெற்ற நாட்டின் தலைநகரில், அரசே முதன்மை வேலையளிப்பவராக இருந்த ஒரு பணியில், காலனியத் தோட்டத்தை விடவும் ஒரு படி கீழான ஏற்பாடு நிலவியது.

அரசின் மறுமொழிகள் இன்று வாசிக்கத் தனிச் சுவை கொண்டவை. மனுதாரர் தொழிலாளர் அல்லர். ஆகவே வழக்காட அவர்களுக்குத் தகுதியில்லை என்றது ஒரு வாதம். சட்டத்தை மீறியவர்கள் ஒப்பந்ததாரர்கள். அரசு அதற்குப் பொறுப்பாகாது என்றது இன்னொன்று. சிறார் குறித்த பதில் எல்லாவற்றிலும் நுட்பமானது: 1938ஆம் ஆண்டின் சிறார் வேலைச் சட்டத்தின் அட்டவணையில் கட்டுமானத் தொழில் இடம்பெறவில்லை, எனவே அச்சட்டம் இங்கே பொருந்தாது. ஆபத்தான வேலைகளில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதை 24ஆம் உறுப்பு நேரடியாகவே தடை செய்கிறது. கட்டுமானம் ஆபத்தான வேலை என்பதற்கு அட்டவணை எதுவும் தேவையில்லை என்று நீதிமன்றம் கூற வேண்டியிருந்தது. புலம்பெயர் தொழிலாளர்க்காகவே இயற்றப்பட்ட 1979ஆம் ஆண்டுச் சட்டம், காந்தி பிறந்த நாளான 1980 அக்டோபர் 2 அன்றே டெல்லியில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதை அமலாக்குவதற்கான விதிகளும் அதிகார ஒப்படைப்பும் முழுமை பெற்றதோ 1982ஆம் ஆண்டின் நடுப்பகுதியில். அடித்தளம் தோண்டிய கைகள் அதற்குள் கூரைப் பணிக்கு வந்துவிட்டிருந்தன.

1982 செப்டம்பர் 18 அன்று நீதிபதிகள் பி.என். பகவதி, பகருல் இஸ்லாம் ஆகியோர் வழங்கிய தீர்ப்பின் உயிர்நாடி 23ஆம் உறுப்பு பற்றிய பகுதி. அவ்வுறுப்பு மனித வணிகத்தையும் 'பேகா'ரையும் அதையொத்த கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. பேகார் என்பது சமஸ்தானங்களிலும் ஜமீன்களிலும் கூலியின்றிப் பறிக்கப்பட்ட உழைப்பு. தமிழ்க் கல்வெட்டுகளில் பயிலும் 'வெட்டி' அதற்கு உறவானது: வடமொழி 'விஷ்டி'யோடு தொடர்புடைய அச்சொல் சோழர் காலத்தில் கடமையாகச் செய்ய வேண்டிய உழைப்பையோ அதற்கு ஈடான வரியையோ குறித்தது, இன்று பயனற்ற செயலைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகித் தேய்ந்துவிட்டது. கூலியே இல்லாத உழைப்புதான் பேகார் எனில், எட்டேகால் ரூபாய் பெற்றவர் கட்டாயத் தொழிலாளி ஆவாரா?

ஆவார் என்றது தீர்ப்பு. கட்டாயம் என்பது சாட்டையாலோ சட்டத்தாலோ மட்டும் நேர்வதன்று. பசியும் வறுமையும் வேறு வழியின்மையும் ஒருவரை ஒரு வேலையை ஏற்க வைக்குமாயின் அதுவும் கட்டாயமே. தெரிவுசெய்யும் வாய்ப்புள்ள எவரும் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக உழைக்க முன்வர மாட்டார். அவ்வாறு முன்வந்தால் அவருக்குப் பின்னால் ஏதோ ஒரு விசை நிற்கிறது எனக் கொள்ள வேண்டும். ஆகவே குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ் உழைப்பைப் பெறுவது 23ஆம் உறுப்பின்படி கட்டாய உழைப்பு. இவ்வுரிமையை அரசுக்கு எதிராக மட்டுமன்றித் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம். நிலுவை வழக்குகள் மலைபோல் குவிந்திருக்கையில் இத்தகைய மனுக்கள் எதற்கு என்று கேட்டோர்க்கும் அத்தீர்ப்பில் மறுமொழி உண்டு: வசதி படைத்தோரின் வழக்குகள் தேங்கியிருப்பதைக் காரணம் காட்டி ஏழைகளுக்கு நீதிமன்றக் கதவை அடைக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை.

தத்துவ நிலையில் இது பெரும் பாய்ச்சல். ஒப்பந்தச் சுதந்திரம் என்ற தாராளவாதக் கருத்தின் வேரையே, அதன் பெயரைக்கூட உரக்கச் சொல்லாமல், இரண்டு மூன்று பக்கங்களில் அசைத்துவிட்ட வாதம் அது. 1983இல் ராஜஸ்தானத்தின் பஞ்ச நிவாரணப் பணி பற்றிய சஞ்சித் ராய் வழக்கிலும் அதுவே பின்பற்றப்பட்டது. ஆயினும் அதை அதன் இறுதி எல்லை வரை கொண்டுசென்றால், நாட்டின் செங்கல் சூளைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் நிகழும் உழைப்பில் பெரும்பகுதி அரசமைப்புக்கு விரோதமானது என்ற முடிவுக்கு வர நேரும். அந்த எல்லை வரை நடக்கப் பின்னாளைய நீதிமன்றங்கள் தயங்கின. தீர்ப்பு மேற்கோளாகப் புகழ்பெற்ற அளவுக்குக் கருவியாகப் பயன்படவில்லை.

நாட்களையும் கவனிக்க வேண்டும். தீர்ப்பு செப்டம்பர் 18. தொடக்க விழா நவம்பர் 19. இடையே 62 நாட்கள். சட்டங்கள் பின்பற்றப்படுகின்றனவா எனப் பார்க்க மூன்று கண்காணிப்பாளரை நீதிமன்றம் நியமித்திருந்தது உண்மையே. ஆனால் அந்நேரத்தில் பெரும்பணிகள் முடிவை நெருங்கிவிட்டன. ஜமாதாரோடு வந்தவர்கள் வேறு தளங்களுக்கோ ஊருக்கோ நகரத் தொடங்கியிருப்பர். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு தொழிலில், பிடிக்கப்பட்ட ஒற்றை ரூபாய்களைத் திரட்டி உரியவரிடம் சேர்ப்பது எளிதன்று. வழக்கின் தலைப்பிலும் ஓர் அமைப்பின் பெயரும் இந்திய ஒன்றியத்தின் பெயருமே உள்ளன.

பிறகு விழா வந்தது. அதன் மகிழ்ச்சியைப் பொய்யென்று ஒதுக்கும் ஆய்வுகள் உண்டு. அவை தம் வாதத்துக்கு வசதியாக நகரத்தின் பாதியை மட்டும் காண்கின்றன. 33 நாடுகளின் அணிகள் நேரு அரங்கத்தில் வலம்வந்ததை, அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியிருந்த வண்ண ஒளிபரப்பின் வழியாகத் தொலைவிலுள்ள ஊர்களும் கண்டன. ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி, அதைச் சுற்றி நூறு பேர் என்று இருந்த காலம். பதினெட்டு வயது உஷா 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி பெற்றார். எம்.டி. வல்சம்மா 400 மீட்டர் தடையோட்டத்திலும், சார்லஸ் பொரோமியோ 800 மீட்டரிலும் தங்கம் வென்றனர். மகளிர் ஹாக்கி அணியும் தங்கம் பெற்றது. ஆடவர் ஹாக்கி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 7–1 என்று தோற்ற துயரம் 1951இன் அதே தேசிய விளையாட்டரங்கில் நேர்ந்தது. மொத்தம் 57 பதக்கங்கள். அவற்றுள் 13 தங்கம். கேரளத்துச் சிற்றூர்களிலிருந்து தடகளத்துக்கு வந்த இளம்பெண்களுக்கு அந்த அரங்கம் திறந்த வழி, எந்த அளவுகோலாலும் மெய்யானது. அரங்கத்தைக் கட்டியவர்களும் அந்த ஓட்டத்தைக் கண்டு மகிழ்ந்திருக்கக்கூடும். சுரண்டப்பட்டவர்க்கு விழா மகிழ்ச்சி இருந்திருக்க முடியாது என்று முன்கூட்டியே முடிவுகட்டுவது, அவர்களைக் கணக்கில் வரும் ஓர் எண்ணாக மட்டும் காண்பதன் மறுவடிவம்.

மறுதரப்பு வாதமோ இதைவிடப் பலவீனமானது. பெருங்கட்டுமானம் வேலை தந்தது, நகரம் நவீனமடைந்தது, சிறு குறைகள் இயல்பே என்பது அது. ஒரு ரூபாயைச் சிறு குறை என்பவர், அது நாட்கூலியில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு என்பதை மறந்துவிடுகிறார். பதக்கத்தின் ஒளியை எடுத்து அந்த ரூபாயின் கணக்கில் வரவு வைக்க முடியாது. அதற்குரியவர் வேறு, இதற்குரியவர் வேறு.

அரங்கத்தின் பின்வாழ்வு சீரற்றது. இந்தியாவின் முதல் பகலிரவு ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம் 1984 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அதன் ஒளிவிளக்குகளின் கீழ் நிகழ்ந்தது. 1989இல் ஆசியத் தடகளப் போட்டி அங்கே நடைபெற்றது. 1988 செப்டம்பர் 30 அன்று, உலக மனித உரிமைப் பிரகடனத்தின் நாற்பதாம் ஆண்டையொட்டி அம்னஸ்டி அமைப்பு நடத்திய இசைப்பயணத்தின் டெல்லி நிகழ்ச்சியும் அங்கேதான். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் டிரேசி சாப்மனும் மனித உரிமைக்காகப் பாடிய மேடையின் அடியிலிருந்த கான்கிரீட், மனித உரிமை வழக்கொன்றின் பொருளாக இருந்ததை அன்று எவரேனும் குறிப்பிட்டிருந்தால் நிகழ்ச்சிக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். உள்ளரங்கத்தருகே வீரர்கள் தங்குவதற்கென எழுந்த உயர்ந்த கட்டடம் ஆண்டுக்கணக்கில் பயனின்றிக் கிடந்து, பின்னர் டெல்லி அரசின் தலைமைச் செயலகமாயிற்று. சிரிக் குடியிருப்பின் வீடுகள் வசதியுள்ளோர் கைக்குப் போயின. கட்டியவர்களுள் பலர் ஊர் திரும்பாமல் நகரிலேயே தங்கினர். 'சட்டவிரோதக் குடியேற்றம்' என்ற தலைப்பின் கீழ் நகரத்தின் கோப்புகளில் அவர்கள் இடம்பெற்றனர்.

2010 காமன்வெல்த் போட்டிக்காக நேரு அரங்கம் பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டது. பி.யு.டி.ஆர். மீண்டும் வழக்குத் தொடுத்தது, இம்முறை டெல்லி உயர்நீதிமன்றத்தில். அருந்ததி கோஷ் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, கூலி, பாதுகாப்பு, தங்குமிடம் ஆகிய ஒவ்வொன்றிலும் மீறல்களைக் கண்டது. 1996இல் கட்டடத் தொழிலாளர்க்கென்றே தனிச் சட்டமும் நலநிதித் தீர்வையும் வந்துவிட்டிருந்தன. ஆயினும் 1982இன் மனுவை எடுத்து ஆண்டையும் தொகையையும் மட்டும் மாற்றினால் போதும் என்னும்படி இருந்தது நிலைமை. தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கையில், செப்டம்பர் 21 அன்று, அரங்கத்தையொட்டிய நடைமேம்பாலம் சரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். உலக ஊடகங்களில் அது நாட்டின் மானம் பற்றிய செய்தியாயிற்று; காயமுற்றவர்கள் தொழிலாளர்கள் என்பது இரண்டாம் பத்தியில் வந்தது.

நேரு அரங்கத்தை அகற்றும் திட்டம் பேசப்பட்ட அதே மாதத்தின் 21ஆம் நாள், நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1982 தீர்ப்பு தன் ஊன்றுகோல்களாகக் கொண்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், சம ஊதியச் சட்டம், புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஆகியவை அவற்றுள் கரைந்தன. புதிய தொகுப்பில், இடைத்தரகர் இன்றித் தாமாகவே வேறு மாநிலத்துக்கு வரும் தொழிலாளியும் புலம்பெயர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறார், இது முன்னேற்றமே. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கையோ 20இலிருந்து 50 ஆகவும், மாநிலம் கடந்து வந்தோர்க்கான விதிகளுக்குரிய எண்ணிக்கை 5இலிருந்து 10 ஆகவும் உயர்ந்துள்ளன. பெரும் ஒப்பந்தத்தைச் சிறுசிறு உள்ஒப்பந்தங்களாக உடைத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்ட கட்டுமானத் துறையில் இந்த எண்கள் சாதாரணமானவை அல்ல. 23ஆம் உறுப்பும் அதற்கு 1982இல் தரப்பட்ட பொருளும் மாறாமல் உள்ளன. தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் நாள், 2030 காமன்வெல்த் போட்டியை நடத்தும் நகரமாக அகமதாபாத் உறுதிசெய்யப்பட்டது.